அரிசி உப்புமா: ரவையோடு சத்தும் போய்விடுமா?

கொள்ளிடக்கரை | 8 ஜனவரி 2024, காலை 7.10

கோதுமை ஆகாதவர்களுக்கு ரவா உப்புமாவுக்குப் பதில் அரிசி உப்புமா கிண்டிக் கொடு என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். எனக்கு அது சமாளிப்பாகத்தான் தெரிகிறது. ரவையின் புரதமும் நாரும் போய் வெறும் மாவுச்சத்துதான் மிஞ்சும். அதற்குச் சம்பா ரவை போடலாமே, நம்ம தஞ்சாவூர்ப் பக்கத்துச் சம்பாதானே? இல்லை, கடையில் ‘குளூட்டன் ஃப்ரீ உப்புமா மிக்ஸ்’ என்று வருகிறதே, அதையே வாங்கிவிடலாமா?

அரசலாறு | 8 ஜனவரி, காலை 9.30

முதலில் சம்பா ரவையைக் கீழே வையுங்கள். அது சம்பாக் கோதுமையை உடைத்தது. சம்பாப் பட்டத்து நெல்லுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கோதுமை ஆகாதவர்களுக்குப் பகையான குளூட்டன் என்ற புரதம் அதில் முழுசாக உண்டு. “சம்பா ரவைதானே, ஒண்ணும் பண்ணாது” என்று கட்டிக் கொடுக்கிற மளிகைக்கடைக்காரர்களும் இருக்கிறார்கள். வெள்ளை ரவை, கோதுமை ரவை, சம்பா ரவை, சேமியா, மைதா எல்லாம் ஒரே குடும்பம். பார்லியும் ஆகாது; அதனால் பார்லி மால்ட் கலந்த சத்துபானப் பொடிகளும் வேண்டாம். டிகிரி காபிக்குத் தடையில்லை.

சத்துக் கணக்கை ராத்திரி எழுதுகிறேன்.

அரசலாறு | 8 ஜனவரி, இரவு 9.45

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணையை வைத்துக்கொள்வோம். 100 கிராம் கோதுமை ரவையில் புரதம் 11.4 கிராம், நார் 9.7 கிராம், இரும்பு 3 மில்லிகிராம். தீட்டிய பச்சரிசியில் புரதம் 7.9, நார் 2.8, இரும்பு 0.65. இதை மட்டும் பார்த்தால் உங்கள் கட்சி ஜெயித்த மாதிரிதான்.

ஆனால் இந்தப் பக்கத்தில் வெறும் அரிசியை உடைத்து யார் உப்புமா கிண்டுகிறார்கள்? 200 கிராம் அரிசிக்கு 30 கிராம் துவரம்பருப்பு. நாலு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 50 கிராம் அரிசி, ஏழரை கிராம் பருப்பு. அரிசியிலிருந்து 4, பருப்பிலிருந்து 1.6, ஆகப் புரதம் 5.6 கிராம். 50 கிராம் ரவையில் 5.7. வித்தியாசம் தாளிப்பில் போடும் கடலைப்பருப்பிலேயே அடைந்துவிடும். தரத்தில் பார்த்தாலும் அரிசியும் பருப்பும் சேர்ந்ததுதான் மேல். லைசின் என்ற அமினோ அமிலம் தானியங்களில் குறைச்சல், கோதுமையில் அரிசியைவிடக் குறைச்சல், துவரம்பருப்பில் தாராளம்.

நாரில்தான் அடி விழுகிறது. ரவையில் 4.9 கிராம் கிடைத்த இடத்தில் இங்கே 2.1. நீங்கள் கேட்டதில் நிற்கிற கேள்வி அது ஒன்றுதான். அதற்கு வழி இருக்கிறது, பிறகு வருகிறேன்.

கொள்ளிடக்கரை | 9 ஜனவரி, காலை 6.50

கணக்கு சரி. வாயில் வைக்க முடியுமா? அரிசி உப்புமா என்றால் ஒன்று களி, இல்லையென்றால் சரளைக்கல். ரவையின் பொலபொலப்பு குளூட்டனால்தானே வருகிறது?

அரசலாறு | 9 ஜனவரி, இரவு 8.20

வராது. பரோட்டாவை இழுத்து வீசுவதற்குக் குளூட்டன் வேண்டும். அங்கே மாவைப் பிசைந்து பிசைந்து அந்தப் புரதத்தை வலையாக்குகிறார்கள். உப்புமாவில் பிசைகிற வேலையே கிடையாது. ஒவ்வொரு குருணையும் தனித்தனியே தண்ணீர் குடித்து வேக வேண்டும், அவ்வளவுதான். அதனால்தான் கோதுமையை எடுத்துவிட்டுச் செய்யக்கூடிய பலகாரங்களில் உப்புமாவைப் போல் சுலபமானது வேறில்லை. களியாவதும் கல்லாவதும் உடைக்கும்போதே முடிவாகிவிடுகிறது.

200 கிராம் பச்சரிசியைக் களைந்து, வடித்து, வெள்ளைத்துணியில் நிழலில் அரைமணி நேரம் பரப்புங்கள். தொட்டால் ஈரம் கையில் ஒட்டக் கூடாது; அரிசிக்குள் மட்டும் கொஞ்சம் ஈரம் நிற்க வேண்டும். ஈரம் அதிகமாக இருந்தால் மிக்ஸியில் அப்பிக்கொள்ளும். துவரம்பருப்பு 30 கிராம், மிளகு ஒரு தேக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி. இவற்றை முதலில் நாலு சுற்று விட்டுவிட்டு அப்புறம் அரிசியைப் போட்டு, விட்டு விட்டு ஓட்டுங்கள். பருப்பையும் அரிசியையும் ஒன்றாகப் போட்டால் அரிசி நொறுங்கிய பிறகும் பருப்பு முழுசாக நிற்கும். அதுதான் பல்லில் இடறும்.

பிறகு சலிக்க வேண்டும். இதைத் தாண்டுகிறவர்கள்தான் களி கிண்டுகிறார்கள். அரிசியின் மாவுச்சத்து 70 டிகிரி செல்சியஸ் வாக்கில் தண்ணீரை உறிஞ்சிப் பசையாகும். குருணைக்கு நடுவே மாவுத்தூள் இருந்தால் கொதிநீரில் முதலில் அது பசையாகி, குருணையைச் சுற்றி மூடிக்கொள்ளும். வெளியே பசை, உள்ளே வேகாத அரிசி. களியும் கல்லும் ஒரே பாத்திரத்தில் வருவது இதனால்தான். சலித்த மாவை வீணாக்க வேண்டாம், தோசைமாவில் கலந்துவிடலாம்.

வெண்கலப் பானை இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் அடிகனமான எதுவும். எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி. பாதி நல்லெண்ணெய், பாதி தேங்காயெண்ணெய். கடுகு, உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு, நாலு வரமிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம். குருணையை அளந்துகொள்ளுங்கள், ஒரு கப்புக்கு இரண்டரை கப் தண்ணீர். உப்பு, கால் கப் தேங்காய்த்துருவல். தளதளவென்று கொதிக்கும்போது ஒரு கையால் தூவி மறுகையால் கிளறுங்கள். தண்ணீர் வற்றி எல்லாம் சேர்ந்துகொண்டதும் அடுப்பைக் குறைத்து மூடிவிடுங்கள், 15 நிமிடம். நடுவில் ஒரே ஒரு முறை அடியோடு புரட்டினால் போதும். அணைத்த பிறகும் 10 நிமிடம் மூடியே இருக்கட்டும். சும்மா சும்மா திறந்து பார்த்தால் ஆவி போய் மேல்பக்கம் வேகாது.

மன்னார்குடி மாமி | 10 ஜனவரி, மதியம் 2.15

தம்பி, அடியில பிடிச்ச காந்தலைப் பத்தி ஒரு வார்த்தை எழுதலியே! அதுக்குத்தானே வீட்டில சண்டையே நடக்கும். இறக்கறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி ஓரமா ஒரு கரண்டி தேங்காயெண்ணெய் சுத்தி விடணும். அப்பதான் கருகாம, சிவக்கப் பிடிச்சு சுரண்ட வரும். அப்புறம், எங்க பக்கம் புழுங்கரிசிக் குருணைலயும் பண்ணுவோம். அதுக்கு ரெண்டரை பத்தாது, மூணு விடணும்.

அரசலாறு | 10 ஜனவரி, இரவு 7.40

மாமி சொன்ன புழுங்கலரிசி நமக்கு இன்னொரு வகையிலும் உதவும். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி வைட்டமின்களில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் பச்சரிசி அளவுக்குப் போகாது. நாரும் 100 கிராமுக்கு 3.7 என்று கொஞ்சம் கூடுதல். குருணை விறைப்பாக இருப்பதால் குழைவதும் குறைவு. பழக்கமில்லாதவர்கள் புழுங்கலில் தொடங்குவது நல்லது. மூன்று கப் தண்ணீர், 20 நிமிடம்.

வெட்டாறு | 12 ஜனவரி, காலை 10.05

எல்லாம் சரிதான் அண்ணே, பெருங்காயத்தைச் சாதாரணமாக ஒரு வார்த்தையில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்களே. கூட்டுப் பெருங்காயத்தில் மைதாவோ கோதுமை மாவோ கலப்பதுதானே வழக்கம்?

அரசலாறு | 12 ஜனவரி, இரவு 10.10

அதைத் தனியாக எழுத வைத்திருந்தேன், நீங்கள் முந்திக்கொண்டீர்கள். அரிசி உப்புமாவில் கோதுமை நுழையும் இடம் இரண்டு: பெருங்காயம், அரவை.

சுத்தப் பெருங்காயம் பிசின். காரம் தாங்காது என்று அதோடு கருவேலம் பிசினும் மாவும் சேர்த்துத்தான் கடைக்கு வருகிறது. அந்த மாவு கோதுமையாகவும் இருக்கும், அரிசியாகவும் இருக்கும். டப்பாவின் பின்பக்கம் எழுதியிருக்கும், படித்துத்தான் வாங்க வேண்டும். கட்டியாக வாங்கினால் தப்பித்தோம் என்று நினைக்காதீர்கள், கட்டியிலும் மாவு உண்டு.

இதிலெல்லாம் எவ்வளவு போய்விடப் போகிறது என்பவர்களுக்கு ஒரு கணக்கு. கால் தேக்கரண்டிப் பொடி முக்கால் கிராம் வரும். பாதி கோதுமை மாவு என்று வைத்தால் 375 மில்லிகிராம். கோதுமை மாவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குளூட்டன், அதாவது 37 மில்லிகிராம். நாலு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 9. ஒரு வேளைக்கு இவ்வளவுதான், ஆனால் கொத்சு, சாம்பார், ரசம், மோர் என்று நாள் முழுக்கப் பெருங்காயம்தானே. குளூட்டன் பட்டாலே குடல் பாதிக்கும் சீலியாக் நோய் உள்ளவர்களுக்குத் தினம் 50 மில்லிகிராம் தொடர்ந்து போனாலே குடலின் உட்சுவர் கெடுகிறது என்று ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். அரிசி மாவு கலந்த பெருங்காயம் கிடைத்தால் அதை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் பெருங்காயமே வேண்டாம், மிளகும் இஞ்சியும் கொஞ்சம் தூக்கலாகப் போட்டுக்கொள்ளலாம்.

அரவைக்கு நாளை வருகிறேன்.

அரசலாறு | 13 ஜனவரி, காலை 6.30

மாவு மில். ‘குளூட்டன் இல்லாதது’ என்று அச்சடிக்க வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது, இது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணைய விதி. மேலே போட்ட அதே பத்தில் ஒரு பங்கு கணக்குப்படி, ஒரு கிலோ அரிசிக் குருணையில் 200 மில்லிகிராம் கோதுமை மாவு விழுந்தாலே எல்லை வந்துவிடும். 200 மில்லிகிராம் என்பது ஒரு சிட்டிகை கூட இல்லை. நமக்கு முன்னால் ஒருவர் பத்து கிலோ கோதுமை அரைத்துக்கொண்டு போயிருந்தால் இயந்திரத்தின் தொண்டையில் அதைவிடப் பல மடங்கு ஒட்டியிருக்கும். “முதல் ஒரு கிலோவைத் தள்ளிட்டுத் தர்றேன்” என்று மில்காரர் சொல்வது நல்ல மனதுதான், உத்தரவாதம் இல்லை.

வீட்டு மிக்ஸியில் உடைப்பதே மேல். அதிலும் கோதுமை, ரவை எதுவும் படாத தனி ஜார் வேண்டும். கழுவினாலும் மூடியின் ரப்பர் வாஷருக்கு அடியிலும் பிளேடின் கழுத்திலும் மாவு நிற்கும். சல்லடையும் தனி. சப்பாத்தி சுடும் கல்லில் இவர்களுக்கு அடை வார்க்காதீர்கள்.

மன்னார்குடி மாமி | 13 ஜனவரி, காலை 11.00

ஜாரும் சல்லடையும் தனி, கல்லும் தனி. மடி ஆசாரம்னு சொன்னா மட்டும் சிரிப்பேளே!

அரசலாறு | 13 ஜனவரி, காலை 11.20

மாமி, இந்த மடியை ரத்தப் பரிசோதனையில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

வெட்டாறு | 19 ஜனவரி, மாலை 6.00

பொங்கல் முடிந்து புது அரிசி வந்துவிட்டது. நீங்கள் எழுதிய இரண்டரைக் கணக்கில் செய்தால் குழைகிறது. சலித்துத்தான் போட்டது.

அரசலாறு | 19 ஜனவரி, இரவு 9.00

இரண்டரை என்பது பழைய அரிசிக்கு. அறுத்து அரைத்த புது அரிசி தண்ணீரைக் குறைவாகத்தான் இழுக்கும், கசியவும் செய்யும். புதிதாக இருக்கும்வரை இரண்டேகாலுக்கு மேல் போகாதீர்கள். குருணையைத் தாளிப்பு எண்ணெயிலேயே மூன்று நிமிடம் வறுத்துவிட்டுக் கொதிநீரை ஊற்றுங்கள். தூவிக் கிளறுவதைவிட இதில் பிசுபிசுப்பு குறையும். ஆறு மாதம் போனால் இரண்டரை, இரண்டேமுக்கால் என்று அரிசியே கேட்கும்.

ரகமும் பார்க்க வேண்டும். இட்லிக்குப் போடும் குண்டு அரிசி ஏடிடி 37, ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் கொடுத்தது. கல்யாணத்துக்கு வடிக்கும் சன்னரிசியைவிட அது உப்புமாவுக்குப் பொருந்தும், விலையும் குறைவு. சீரகச் சம்பாவை உடைப்பது வாசனையை வீணடிப்பது, இது என் அபிப்பிராயம். மாப்பிள்ளைச் சம்பாவை முழுத்தவிட்டோடு உடைத்தால் நார் கூடும். ஆனால் இரண்டு மணி நேரமாவது ஊற வேண்டும், தண்ணீர் மூன்றரை.

கொள்ளிடக்கரை | 22 ஜனவரி, காலை 7.30

நாருக்கு வழி இருக்கிறது என்று சொல்லி இரண்டு வாரம் ஆகிறது.

அரசலாறு | 22 ஜனவரி, இரவு 8.50

மறக்கவில்லை. எளிய வழி காய். ஆளுக்கு 60 கிராம் பீன்ஸும் கேரட்டும் போட்டால் இரண்டரை கிராம் நார். 2.1 என்றது 4.6 ஆகிவிடும். ரவா உப்புமாவிலும்தான் காய் போடலாமே என்பீர்கள், நியாயம்தான். அதனால் தானியத்திலேயும் கை வைப்போம்.

சாமையில் 100 கிராமுக்குப் புரதம் 10.1, நார் 7.7. வரகில் 8.9, 6.4. வெள்ளைச்சோளத்தில் 10, 10.2, கோதுமை ரவைக்கு நாரில் நேர் நிற்பது சோளம்தான். கம்பில் புரதம் 11, நார் 11.5, இரும்பு 6.4 மில்லிகிராம், ஆனால் உப்புமாவில் கம்பு வாசனை எல்லாருக்கும் பிடிக்காது. இவை தவிட்டோடு இருக்கும் தானியத்துக்கான அளவுகள். கடையில் வெளேரென்று பளபளக்கும் சாமை நன்றாகத் தீட்டியது, அதில் இந்த நார் இருக்காது. மங்கலான பழுப்பு நிறத்தில் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

சாமையை உடைக்க வேண்டாம், முழுசாகவே போடலாம். ஒன்றுக்கு இரண்டு தண்ணீர், 12 நிமிடம். சோள ரவை பிடிவாதக்காரன். ஒரு மணி நேரம் ஊறாமல் வேகாது, தண்ணீர் மூன்று, மூடி 20 நிமிடம். அரிசிக் குருணையோடு பாதிப் பாதி கலப்பதாக இருந்தால் சோளத்தை முதலில் போட்டு எட்டு நிமிடம் கழித்து அரிசியைத் தூவுங்கள். ஒன்றாகப் போட்டால் அரிசி குழைந்திருக்கும், சோளம் நறுக்கென்று நிற்கும். சிறுதானியங்களில் கோதுமை மணி கலந்து வருவது சகஜம், தட்டில் பரப்பிப் பொறுக்கிவிட்டுக் களையுங்கள்.

ஓட்ஸ் உப்புமா பற்றி யாராவது கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்: ஓட்ஸ் பெரும்பாலும் கோதுமையோடு ஒரே ஆலையில் உருள்வது. குளூட்டன் இல்லாதது என்று அச்சடித்திருந்தால் ஒழிய வேண்டாம். ஜவ்வரிசி உப்புமாவில் குளூட்டன் இல்லை. வேறு எதுவுமே இல்லை.

வெட்டாறு | 23 ஜனவரி, காலை 9.15

இரும்புச் சத்தை விட்டுவிட்டீர்கள். ரேஷன் அரிசியில் உடைத்தால்?

அரசலாறு | 23 ஜனவரி, இரவு 9.30

நல்ல கேள்வி. ரேஷனில் 2024-இல் வருவது செறிவூட்டிய அரிசி. அரிசி மாவையே இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி வடிவத்தில் வார்த்து, நூறு கிலோவுக்கு ஒரு கிலோ கலக்கிறார்கள். கிலோவுக்கு இரும்பு 28 முதல் 42.5 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும் என்பது விதி. 50 கிராமுக்கு ஒன்றரை மில்லிகிராம் சுமார். கோதுமை ரவையிலும் அதே ஒன்றரைதான். சாதாரணப் பச்சரிசியில் 0.3. களையும்போது மிதக்கும் அந்த வெள்ளை மணிகளை ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று அரித்துக் கொட்டுகிறவர்கள் கொட்டுவது அந்த இரும்பைத்தான். தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் சாப்பிட வேண்டும்.

குடமுருட்டி | 4 பிப்ரவரி, காலை 8.00

இடையில் நுழைகிறேன். எனக்குச் சப்பாத்தி சாப்பிட்டால் வயிறு உப்புகிறது. கோதுமையை நிறுத்திவிட்டு இதையெல்லாம் தொடங்கிவிடலாமா?

அரசலாறு | 4 பிப்ரவரி, காலை 9.10

நிறுத்தாதீர்கள். முதலில் சீலியாக் இருக்கிறதா என்று பார்க்கும் டிடிஜி ஐஜிஏ ரத்தப் பரிசோதனை. அதைக் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் எடுக்க வேண்டும். நிறுத்திச் சில மாதங்கள் கழித்து எடுத்தால் நோய் இருந்தும் இல்லை என்று வரலாம், பிறகு மறுபடி கோதுமை தின்று சோதிக்க வேண்டிய கூத்து. 2016-இல் வெளிவந்த இந்திய ஆய்வில் வடக்கே நூறு பேரில் 1.2 பேருக்குச் சீலியாக் இருந்தது, தெற்கே ஆயிரம் பேரில் ஒருவருக்கு. அரிதுதான், இல்லாமலில்லை. சீலியாக்கும் கோதுமை அலர்ஜியும் இல்லையென்று தெரிந்தால் ரவா உப்புமாவை விட்டே தீர வேண்டும் என்றில்லை, மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். சர்க்கரைக்காகக் கேட்கிறீர்கள் என்றால் இரண்டு உப்புமாவும் சர்க்கரையை ஏற்றுபவைதான், அளவைக் குறைத்துப் பருப்பைக் கூட்டுங்கள்.

குடமுருட்டி | 4 பிப்ரவரி, காலை 9.40

அப்போது பள்ளிக்கூடத்துக் காலை உணவு? இந்த நோய் உள்ள பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

அரசலாறு | 5 பிப்ரவரி, இரவு 8.00

2023 ஆகஸ்ட் 25 அன்று நம்ம திருக்குவளையில் தொடங்கித்தான் அந்தத் திட்டத்தை மாநிலம் முழுக்க விரித்தார்கள். அப்போதைய பட்டியலில் ரவை, சேமியா, கோதுமை ரவை என்று உப்புமாவும் கிச்சடியும் மாறி மாறி வந்தன. வெண்பொங்கலும் அரிசி உப்புமாவும் கூட இருந்தன. ஆனால் அன்றைக்கு எது வேகிறது என்பது தெரிய வேண்டும், சாம்பார்ப் பெருங்காயமும் தெரிய வேண்டும். தலைமையாசிரியரிடம் மருத்துவச் சீட்டைக் கொடுத்துவிட்டு, வீட்டிலிருந்தே கட்டிக் கொடுப்பது பத்திரம். அரிசி உப்புமா ஆறினால் விறைக்கும் என்பதால் டப்பாவுக்கு அதையே பிடிகொழுக்கட்டையாக்குங்கள். தண்ணீரை இரண்டாகக் குறைத்து முக்கால் வேக்காட்டில் இறக்கி, சூடு பொறுக்கும்போது பிடித்து, இட்லித்தட்டில் 12 நிமிடம். மத்தியானம் வரை மெத்தென்று இருக்கும்.

கொள்ளிடக்கரை | 11 பிப்ரவரி, காலை 7.20

சலித்துச் செய்தேன், ஒட்டவில்லை. ஒப்புக்கொள்கிறேன். ரவா தோசைக்கும் ஏதாவது உண்டா? பாக்கெட் கேள்விக்கும் இன்னும் பதில் வரவில்லை.

அரசலாறு | 11 பிப்ரவரி, இரவு 9.20

ரவா தோசை கொஞ்சம் வம்பு. அங்கே மைதா போடுவதே சல்லடைக்கண் விழுந்த தோசை கல்லிலிருந்து கிழியாமல் வர. அந்த வேலையைக் கஞ்சியிடம் கொடுக்கலாம். ஒரு கப் அரிசி மாவில் இரண்டு மேசைக்கரண்டியை எடுத்து ஒரு கப் தண்ணீரில் காய்ச்சி ஆறவையுங்கள். மீதி மாவு, அரை கப் நைசான அரிசிக் குருணை, ஒரு கப் புளித்த மோர், இந்தக் கஞ்சி, இன்னும் இரண்டு கப் தண்ணீர், உப்பு, மிளகு, சீரகம், பச்சைமிளகாய், இஞ்சி. 20 நிமிடம் ஊறட்டும். மாவு மோர் பதத்தில் இருக்க வேண்டும். கல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், உயரத்திலிருந்து வீசி ஊற்ற வேண்டும். கரண்டியால் தேய்த்தால் போச்சு. குருணை அடியில் தங்கும், ஒவ்வொரு கரண்டிக்கும் கலக்கி எடுங்கள். ஓரம் தானாகக் கிளம்பும்வரை தொடாதீர்கள். ரவா தோசையைவிட இரண்டு நிமிடம் கூடுதலாகக் கேட்கும், திருப்பிப் போடத் தேவையில்லை.

பாக்கெட்டைப் பொறுத்தவரை, பின்பக்கத்துப் பட்டியலில் முதல் இரண்டு பெயரைப் பாருங்கள். மரவள்ளி மாவு, உருளைக்கிழங்கு ஸ்டார்ச், மக்காச்சோள ஸ்டார்ச் என்று தொடங்கினால் அது நீங்கள் முதல் நாள் பயந்த வெறும் மாவுச்சத்தேதான். அரிசி, பருப்பு, சிறுதானியம் என்று தொடங்கி, குளூட்டன் இல்லாதது என்ற அச்சும் இருந்தால் பிரயாணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். வீட்டிலேயே அதைச் செய்து வைக்கலாம். குருணையை வெறும் சட்டியில் சூடேற வறுத்து, ஆறவிட்டு, நாலு வரமிளகாயைக் கிள்ளிப் போட்டு டப்பாவில் மூடினால் ஒரு மாதம் தாங்கும். வறுக்காமல் வைத்தால், உலர்த்தும்போது விட்டுவைத்த ஈரத்தில் பூசணம் பிடிக்கும்.

மன்னார்குடி மாமி | 12 பிப்ரவரி, காலை 10.30

இத்தனை எழுதினேள், புளி உப்புமாவை விட்டுட்டேளே. உடைக்கவும் வேண்டாம், சலிக்கவும் வேண்டாம்! ஒரு கப் அரிசிமாவு, எலுமிச்சங்காய் அளவு புளியைக் கரைச்ச தண்ணி ஒன்றரை கப், உப்பு, மஞ்சள். தோசைமாவு மாதிரி கரைச்சு, மோர்மிளகா தாளிச்ச நல்லெண்ணெயில கொட்டிக் கிளறணும். முதல்ல பந்தா உருண்டுக்கும், பயப்படப்படாது. கரண்டியால குத்தி உடைச்சுண்டே இருந்தா கால்மணியில உதிரியா வரும். எண்ணெய்க்குக் கஞ்சத்தனம் பண்ணினா மட்டும் வராது.

அரசலாறு | 12 பிப்ரவரி, இரவு 8.15

மாமி சொன்னதில் நார் குறைச்சல், பருப்பும் தாளிப்பில் போடுவதுதான். ஒரு கைப்பிடி வேர்க்கடலையை வறுத்துப் போட்டால் புரதம் கொஞ்சம் ஏறும். அரிசிமாவை மில்லில் வாங்காதீர்கள்.